இங்கிலாந்துக்கு விளையாடாதவர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஒருமுறை என்னால் அந்தப் பெயர் பேப்பரில் வந்தது, அதுவே போதும். உயிரோடு இருந்திருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று எழுத வந்தேன். ஆனால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு உண்மையில் தெரியாது. தெரியாததை அவர் வாயில் வைக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன், கொஞ்சம் பிந்தித்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியின் மேற்கே டூங்கபியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீடு அவருடையது. அந்த நாட்களில் அந்தத் தெருவில் தமிழ் கேட்கவேண்டுமென்றால் நானும் மனைவியும் சண்டை பிடிக்கவேண்டும். அவர் வடக்கு இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊரில் பிறந்து, முதலாம் உலகப்போருக்குப் பிறகு கப்பலேறி வந்து, ரயில் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து பல வருடங்கள். பிள்ளைகள் இல்லை. வயதைக் கேட்டால் "எண்பத்தாறும் பத்து மாதமும்" என்பார். அடுத்த மாதம் கேட்டால் பதினொரு மாதம் ஆகியிருக்கும். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபட மூன்று மாதம் சென்றது. இங்கே நான் எழுதுவது அது எனக்குள் தமிழாகித் தங்கிய விதம்.

அவரிடம் "நல்ல நாள்" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளமாட்டார். முதலில் வானத்தை நிமிர்ந்து பார்ப்பார். "பின்னேரம் மழை வரும். இப்போதைக்கு நல்ல நாள்தான்" என்பார். என் மனைவி முதல்முறை வடை சுட்டு இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தபோது இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "முதலாவது அருமை. இரண்டாவதில் எண்ணெய் கூட" என்றார். அவள் கோபித்துக்கொண்டு வந்து குசினியில் மிச்ச வடைகளைக் கடித்துப் பார்த்தாள். "அந்தாள் சொன்னது சரிதான். கடைசியாப் போட்டதுக்கு அடுப்பைக் குறைச்சுப்போட்டன்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அவர்மேல் ஒரு தனி நம்பிக்கை. வேலைக்கான நேர்முகத்துக்குப் போகுமுன் தன் ஆங்கிலத்தை அவரிடம்தான் பேசிக் காட்டினாள். நான் எப்படியும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அப்படிப்பட்டவன்தான். ஊரில் கல்லூரியின் இரண்டாவது அணிக்கு உதைபந்தாட்டம் ஆடியவன். சிட்னிக்கு வந்து ஒரு வருடத்தில் அது முதலாவது அணியாகிவிட்டது. நான் மட்டுமல்ல, கடல் தாண்டி வந்த எங்கள் எல்லோருக்கும் ஒரு படி ஏறியிருந்தது. ஆசிரியர்களாக இருந்த தகப்பன்மார் அதிபர்களானார்கள். கிளாக்கர்மார் கந்தோரையே நடத்தியவர்களானார்கள். ஒருவரும் ஒருவரைக் கேள்வி கேட்பதில்லை. நீ என்னுடையதை நம்பு, நான் உன்னுடையதை நம்புகிறேன் என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று எங்களுக்குள் இருந்தது.

அவருடைய குசினிச் சுவரில் ஒரு படம் தொங்கியது. மீசை வைத்த பதினொரு பேர் கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு வரிசையாக. கரையில் நீளக் கோட்டும் தொப்பியுமாக ஓர் இளைஞன் தனியே நின்றான்.

"அது நான்" என்றார். "இங்கிலாந்து அணி பெல்பாஸ்ட்டுக்குப் போனபோது எடுத்தது."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "நீங்கள் இங்கிலாந்துக்கு விளையாடினீர்களா?"

"இல்லை. நான் பன்னிரண்டாவது ஆள். அந்தக் காலத்தில் இடையில் ஆள் மாற்றுகிற வழக்கம் கிடையாது. காலையில் யாராவது எழும்பமுடியாமல் படுத்தால்தான் எனக்கு இடம். முதல்நாள், என் இடமான லெஃப்ட் பேக்கில், இடது பின்காவலில், ஆடுகிறவனுக்கு வயிற்றுக்குத்து. நான் கடவுளை வேண்டினேன். அவன் சுகப்படவேண்டும் என்று வேண்டவில்லை. காலையில் அவன் மூன்று முட்டை சாப்பிட்டான்."

ஆட்டம் முழுவதும் அவர் கோட்டுக்கு வெளியே நின்று, கோல்காப்பாளரின் பொய்ப்பல்லைத் தன் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாராம். விளையாடியவர்களுக்கு ஆளுக்கொரு வெல்வெட் தொப்பி கிடைத்தது. இவருக்கு இல்லை. பிறகு ஒருபோதும் அழைப்பு வரவில்லை. இதையெல்லாம் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

மிச்சக் கதை வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று துண்டு துண்டாகக் கேட்டது. பதின்மூன்று வயதில் சுரங்கம். சனிக்கிழமைகளில் சுரங்க அணிக்கு விளையாடியதைப் பார்த்து ஒரு கழகத்துக்காரர் வந்து கையெழுத்து வாங்கிப்போனார். எட்டுப் பருவம், பெரும்பாலும் இரண்டாம் பிரிவு. மழையில் ஊறிய தோல்பந்து கல்லாகக் கனக்கும் என்றும், அதைக் கட்டிய நாடா நெற்றியில் பட்டால் கிழிக்கும் என்றும் சொல்லித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். எட்டுப் பருவத்தில் ஒரே ஒரு கோல். சேற்றில் விழுந்து எழும்பும்போது யாரோ உதைத்த பந்து இவர் பிடரியில் பட்டு உள்ளே போனது. சனம் மைதானத்துக்குள் இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனது. "நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அது தானாகப் பட்டது" என்று தோளிலிருந்தபடியே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு போனாராம்.

இன்னொரு முறை பெனால்டி எல்லைக்குள் பந்து இவர் கையில் பட்டது. நடுவர் காணவில்லை. இவரே போய்ச் சொன்னார். ஆட்டம் தோற்றது. அவர் தங்கியிருந்த வீட்டின் யன்னல் கண்ணாடிகளை அன்று சொந்த அணியின் ரசிகர்களே உடைத்தார்கள்.

"ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"பந்து கையில் பட்டது" என்றார். என் கேள்வி விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

பிறகு போர். முழங்காலில் குண்டுச் சிதறல். திரும்பி வந்து ஒரேயொரு ஆட்டம் விளையாடிப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "பாதி இல்லை, முப்பத்தைந்து நிமிடம்" என்று தன்னையே திருத்தினார்.

அவருக்கு அதில் பெருமை இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். நிறையப் பெருமை இருந்தது. பெரிதாக்க விடமாட்டார், அவ்வளவுதான். மனைவி போய், முழங்கால் போய், ஊர் போய், அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த எட்டுப் பருவம்தான். அதில் ஒரு பொய்கூடக் கலக்காமல் அறுபது வருடமாக வைத்திருந்தார். அதில்தான் நான் கைவைத்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அப்போது சிட்னி முழுவதிலுமாக முப்பது குடும்பம் இருக்கும். அந்த முப்பதுக்கும் ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர், ஒன்பது பேர் செயற்குழு. நான் செயலாளர். தலைவர் ஒரு டொக்டர். ஊரில் எங்களைவிட வசதியும் பேரும் உள்ள குடும்பம். அவர் என்னை வாய்நிறைய "ஐசே" என்று கூப்பிட்டால் அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படாது. பிரதம விருந்தினர் இல்லாமல், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டம்கூட நடத்த எங்களுக்குத் தெரியாது. அந்த வருட விளையாட்டுப் போட்டிக்கு வருவதாக இருந்த நகரசபை உறுப்பினர், பத்து நாள் இருக்கும்போது வரமுடியாதென்று அறிவித்துவிட்டார்.

டொக்டர் ரெலிபோனில் கொதித்தார். "ஐசே, மெல்பேர்ண்காரர் போனமுறை ஒரு மந்திரியைக் கூப்பிட்டவங்கள். நாங்கள் கோப்பையை எங்களுக்கு நாங்களே தூக்கிக் குடுக்கிறதே?"

"டொக்டர், என்ர பக்கத்து வீட்டில ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். பழைய உதைபந்தாட்டக்காரர்."

"பக்கத்து வீட்டுக்காரனையோ? ஆர் அவன்?"

"இங்கிலாந்துக்கு விளையாடினவர்."

அது வாய் தவறி வந்த சொல் இல்லை. இங்கிலாந்து அணியோடு போனவர் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது காணாது என்று தெரிந்தது. டொக்டரின் குரல் உடனே இளகியது. "அப்பிடியே? இதை முதலே சொல்லியிருக்கலாமே, ஐசே!" அந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் சொன்னேன்.

அவரிடம் போய்க் கேட்டபோது, "நான் ஏன்?" என்றார்.

"நீங்கள் உதைபந்தாட்டக்காரர்."

"இருந்தேன்" என்று திருத்திவிட்டு, வருகிறேன் என்றார்.

அவரை யாரும் எங்கேயும் அழைத்துப் பல வருடங்கள் ஆகியிருக்கவேண்டும். அடுத்த நாளே கறுப்புக் கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டார். சப்பாத்தை மூன்று நாளாக மினுக்கினார். போட்டிக்கு முதல்நாள் வேலிக்கு மேலால் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். பென்சிலால் எழுதியிருந்தது: லெஃப்ட் பேக். எட்டுப் பருவம். ஒரு கோல். இங்கிலாந்துக்கு ஒருமுறை பன்னிரண்டாவது ஆள், விளையாடவில்லை. "என்னைப்பற்றிச் சொல்லவேண்டி வந்தால் இதைச் சொல்லு. கூட்டாதே" என்றார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் தட்டச்சு செய்த அறிமுக உரை நாலு பக்கத்தில் ஏற்கெனவே என் மேசையில் இருந்தது.

எங்கள் அறிமுக உரைகளுக்கு ஒரு முறை உண்டு. விருந்தினர் பேசுவதைவிட விருந்தினரைப்பற்றிப் பேசுவது நீளமாக இருக்கவேண்டும். முதலில் தமிழில் பேசினேன். இங்கிலாந்து அணியின் இரும்புத் தூண் என்றேன், எதிரணிகளின் சிம்மசொப்பனம் என்றேன். அவர் மைதானத்தின் நடுவே கதிரையில் இருந்து, விளங்காத மொழிக்குப் புன்னகை செய்துகொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினேன். இங்கிலாந்துக்காகப் பலமுறை விளையாடியவர் என்ற இடத்தில் அவருடைய புன்னகை நின்றது. வலது கையை மெல்ல உயர்த்தினார். பேச அனுமதி கேட்கிற கை. நான் கண்டேன். கண்டுவிட்டு, மாலையைக் கொண்டுவரும்படி மனைவிக்குக் கைகாட்டினேன்.

டொக்டர் மாலை போட்டார். சனம் கைதட்டியது. உயர்ந்திருந்த கை மாலைக்குள் அகப்பட்டு, அதை வெளியே எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிகழ்ச்சிநிரலில் அடுத்து இருந்தது பிரதம விருந்தினர் உரை. நான் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நேரம் போதாமையால் நேரே பரிசளிப்புக்குப் போவோம் என்று அறிவித்தேன்.

அவர் எல்லாக் கோப்பைகளையும் எழுந்து நின்றே கொடுத்தார். பிறகு பிள்ளைகள் கையெழுத்துக்காகக் கொப்பிகளோடு சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு கொப்பியிலும் பெயரை எழுதி, கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இங்கிலாந்துக்கு விளையாடவில்லை' என்று எழுதியிருந்தார். அதை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பிவரும்போது காரில் அவர் கோட்டில் ஒட்டியிருந்த மாலைப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"என்னைப் பேச விடவில்லை நீ."

"நேரம் இல்லாமல் போய்விட்டது."

"கரண்டி ஓட்டத்தை இரண்டுமுறை ஓடினார்கள்" என்றார். பின் சீட்டிலிருந்த மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் டொக்டர் என் உரையின் ஆங்கிலப் பிரதியையும், மாலையோடு அவர் நின்ற படத்தையும் உள்ளூர் வாரப் பேப்பருக்கு அனுப்பிவிட்டார். புதன்கிழமை தோறும் வீடுவீடாக இலவசமாக எறிகிற பேப்பர். இங்கிலாந்து வீரர் நம் மத்தியில் என்று பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். என் பெயரும் சங்கத்தின் பெயரும் கடைசி வரியில் வந்திருந்தன. நான் தெருவில் நாலு வீட்டில் கேட்டுப் பிரதிகள் சேர்த்தேன், ஊருக்கு அனுப்ப. அவரும் அதை வாசிப்பார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அவர் வெள்ளிக்கிழமைகளில் சீட்டாடப் போகும் முதியோர் கழகம் ஒன்று இருந்தது. அங்கே, இங்கிலாந்தில் அவருடைய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார்; இங்கிலாந்துக்கு விளையாடியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடிய ஆள். பேப்பரை அறிவிப்புப் பலகையில் குத்திப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்று போட்டிருந்தார்களாம். இவர் உள்ளே போனதும் எல்லோரும் எழும்பி நின்று தொப்பியைக் கழற்றினார்களாம்.

"நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் பேப்பருக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருந்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "நீ பேப்பருக்கு ஒரு கடிதம் எழுது. மூன்று வரி போதும். நான் எழுதினால் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்பார்கள். நீ எழுதினால்தான் பிழை எங்கே நடந்தது என்று தெரியும்."

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், தட்டச்சு இயந்திரத்தில், மூன்று வரி. தபாற்பெட்டிவரை கொண்டுபோனேன். இதை டொக்டர் வாசிப்பார், முப்பது வீட்டிலும் கதைப்பார்கள், செயலாளர் பொய்யன் என்பார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் விடியவே கேற்றடியில் நின்றார். பேப்பர் விழுந்ததும் அங்கேயே பிரித்து, ரோசாப்பூப் போட்டி முடிவுகள்வரை விரலை வைத்து வாசித்தார். "இந்தக் கிழமையும் இல்லை" என்பார். "இடம் காணாமல் இருந்திருக்கும்" என்பேன். இப்படி ஐந்து புதன்கிழமை.

"இஞ்சருங்கோ, உண்மையா அனுப்பினியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"அனுப்பினனான்."

"அந்தாள் கேற்றடியில நிக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள் எழுதாட்டி நான் எழுதுறன்."

"உமக்கேன் தேவையில்லாத வேலை? அடுத்த கிழமை வரும்" என்று கத்தினேன். அவள் நம்பவில்லை. ஆனால் என்னை மீறி எழுதவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பொல்லை ஊன்றி ரயிலடிக்குப் போவதை அவள்தான் கண்டாள். பேப்பர் கந்தோர் பிளாக்டவுனில் இருந்தது. புதன்கிழமை பேப்பர் வந்தது. உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. அவர் இங்கிலாந்துக்கு விளையாடியதாக வந்த தகவல் தவறு. அயலவர்களிடம் அப்படித் தானே சொல்லிக்கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசகர்களிடமும் சங்கத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்.

நான் வெளியே ஓடினேன். அவர் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துவிட்டது" என்றார். "கடிதம் எதுவும் கிடைக்கவில்லை என்று அங்கிருந்த பெண் சொன்னாள். தபாலில் தவறியிருக்கும்."

"நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே. ஏன் உங்கள் மேலே போட்டுக்கொண்டீர்கள்?"

"யார் பிழை விட்டது என்று தெரியாமல் திருத்தம் போடமாட்டார்களாம்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "நீ இந்த ஊரில் இன்னும் நாற்பது வருடம் இருக்கவேண்டியவன். எனக்கு எண்பத்தேழு." மாதத்தைச் சொல்லவில்லை.

பிடரியில் பட்ட கோலைத் தன்னுடையது என்று சொல்லாதவர், என்னுடைய பொய்யைத் தன்னுடையது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தந்தார், மழை வருமா என்று சொன்னார். பந்தைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. அடுத்த முறை அவர் குசினிக்குப் போனபோது சுவரில் அந்தப் படம் இல்லை. அவருடைய மரணச்சடங்குக்கு ஏழு பேர் வந்திருந்தோம். கழகத்திலிருந்து ஒருவரும் இல்லை.

ஆனால் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தது அந்தப் புதன்கிழமை பின்னேரத்துக்காக. டொக்டர் ரெலிபோன் எடுத்தார். குரலில் கோபம் இல்லை. நிம்மதி இருந்தது.

"ஐசே, பேப்பர் பாத்தனீரோ? கிழவன் பொய் சொல்லி எல்லாரையும் ஏமாத்தி, பேக்காட்டிப்போட்டான். நல்லகாலம், தானே ஒத்துக்கொண்டிட்டான். சங்கத்துக்குப் பேர் கெடேல்லை. உம்மில ஒரு பிழையுமில்லை எண்டு நான் கொமிற்றியில சொல்லுறன். நீர் பாவம், அவன்ர கதையை நம்பிப்போட்டீர்."

மனைவி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவேண்டிய வசனம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது மூன்று வரிகூட இல்லை.

"ஓம் டொக்டர்" என்றேன். "என்னை நல்லாப் பேக்காட்டிப்போட்டார்."